பூனை உலாவும் வீட்டில் எந்தச் செடியை வளர்க்கலாம்?

எங்கள் வீட்டுப் பூனைக்குப் பஞ்சு என்று பெயர் வைத்தவள் என் இளைய மகள். உடம்பு முழுவதும் அப்படியொரு வெள்ளை. கடந்த வருடம் என் கணவரின் தங்கையினுடைய நிக்காஹ் எங்கள் மாவனல்லை வீட்டில் நடைபெற்றது. மாப்பிள்ளை வீட்டார் கொழும்பிலிருந்து வரும்போது ஒரு பெரிய பூக்கொத்தைக் கொண்டு வந்திருந்தார்கள். நடுவே வெள்ளையும் இளஞ்சிவப்புமாக அகல விரிந்த லில்லிப் பூக்கள். வீடு முழுவதும் அதன் வாசம். வாடிவிடக் கூடாதே என்று நானே அதைக் கண்ணாடிச் சாடியில் தண்ணீர் ஊற்றி வைத்து, விறாந்தை மேசையில் வைத்தேன்.

மறுநாள் காலை பஞ்சுவின் முதுகிலும் மூக்கு நுனியிலும் செம்மஞ்சள் நிறத் தூள் ஒட்டியிருந்தது. பிரியாணிச் சட்டிகள் கிடந்த இடத்தில் புரண்டிருக்கும், கலர்த் தூள் பட்டிருக்கும் என்று நினைத்தேன். அது தன் பாட்டில் நக்கி நக்கித் துடைத்துக் கொண்டது. பகல் இரண்டு மூன்று தடவை சத்தி எடுத்தது. "பூனை புல்லைத் திண்டு சத்தி எடுக்கிறது வழமைதானே மகள், சரிவரும்" என்றார் மாமி. அவர் சொன்னது போலவே இரவில் சத்தி நின்றுவிட்டது. கலியாண வீட்டு வேலையில் நானும் அதை மறந்து போனேன்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் பஞ்சு அலுமாரிக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. மீன் தலையை வைத்தும் திரும்பிப் பார்க்கவில்லை. புதன் காலை தலையைத் தூக்கவே முடியவில்லை. முச்சக்கர வண்டியில் தூக்கிக்கொண்டு கண்டிப் பக்கம் ஒரு மிருக வைத்தியரிடம் ஓடினோம். அவர் கேட்ட முதலாவது கேள்வியே, "வீட்டில் லில்லிப் பூ வைத்திருந்தீர்களா?" என்பதுதான். இரத்தத்தைச் சோதித்துவிட்டு, சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன என்றார். வியாழன் அஸர் நேரத்தில் பஞ்சு செத்துப் போனது.

"பூவு தானே உம்மா, பூவும் நஞ்சா?" என்று மகள் கேட்டாள். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அதன் பிறகு அந்த வைத்தியரிடம் கேட்டும், வாசித்தும், எங்கள் முற்றத்திலும் விறாந்தையிலும் உள்ள ஒவ்வொரு சாடியையும் ஒன்றொன்றாகப் பார்த்தும் தெரிந்து கொண்டதைத்தான் சகோதரிகளோடு பகிர்ந்து கொள்கிறேன்.

ஒழுச் செய்யும் தண்ணீரில் வாய் வைத்த பூனைக்கு, அது நன்றாகக் குடிக்கட்டும் என்று பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்த அபூ கதாதா (ரழி) அவர்களின் செய்தியை நாம் அறிவோம். வியப்போடு பார்த்துக் கொண்டு நின்ற மருமகளுக்கு அவர்கள், பூனை அசுத்தமானதல்ல, உங்களிடையே சுற்றித் திரிவது என நபி (ஸல்) அவர்கள் சொன்னதை எடுத்துக் கூறினார்கள். சுற்றித் திரிகிற பிராணி என்பதுதான் இங்கே விஷயம். கூட்டில் அடைத்த கிளியைப் போலல்ல. மேசையும் யன்னல் கட்டும் அலுமாரி முகடும் அதற்கு ஒன்றுதான். நாம் அழகுக்காக எங்கே எதை வைத்தாலும் அது மோந்து பார்க்கும், கடித்துப் பார்க்கும், அதில் உடம்பை உரசும், பிறகு உடம்பை நக்கும்.

லில்லி செய்யும் வேலை

லில்லிப் பூச்செடியின் எந்தப் பகுதியும் பூனைக்கு ஆகாது. இதழ், இலை, தண்டு, பூந்தூள், அது நின்ற சாடித் தண்ணீர், எல்லாமே. இரண்டு இலைகளைக் கடித்தாலும் போதும். உடம்பில் ஒட்டிய பூந்தூளை நக்கினாலும் போதும். நாய் தின்றால் வயிற்றுக் கோளாறோடு போய்விடும். பூனைக்கு மட்டும் அது சிறுநீரகத்தைக் குறிவைக்கிறது. எந்தப் பொருள் இதைச் செய்கிறது என்பதை விஞ்ஞானிகள் இன்னும் பிரித்தெடுத்துச் சொல்லவில்லை.

அது நம்மை ஏமாற்றும் விதத்தைச் சகோதரிகள் நன்றாக மனதில் வைக்க வேண்டும். தின்ற சில மணி நேரத்தில் சத்தி, எச்சில் வடிதல், சோர்வு. பிறகு சத்தி நின்றுவிடும். சுகமாகிவிட்டது என்று நாம் நினைப்போம். அந்த நேரத்தில்தான் உள்ளே சிறுநீரகம் கெட்டுக் கொண்டிருக்கும். ஒரு நாளிலிருந்து மூன்று நாட்களுக்குள் அது முற்றாகச் செயலிழந்துவிடும். தின்றதும் தாமதிக்காமல், அதிகம் போனால் 18 மணி நேரத்துக்குள், கொண்டு போய் இரண்டு நாட்களுக்குக் குறையாமல் சேலைன் ஏற்றினால் பெரும்பாலும் பிழைத்துக் கொள்ளும். நாங்கள் கொண்டு போனது 48 மணி நேரம் கழிந்த பிறகு. அந்தத் திங்கட்கிழமை பகலே போயிருந்தால் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

இந்த லில்லி நம் தோட்டங்களில் அதிகம் இல்லை. மலைநாட்டில் சில வீடுகளில் மஞ்சள், செம்மஞ்சள் நிறத்தில் ஒரே நாளில் வாடிவிடும் டே லில்லி வளர்க்கிறார்கள். அதுவும் பூனைக்கு இதே கேட்டைத்தான் செய்யும். மற்றப்படி லில்லி வீட்டுக்குள் வருவது கலியாணத்தோடும், வைத்தியசாலையிலிருந்து வருபவருக்குக் கொடுக்கும் பூக்கொத்தோடும்தான். ஆகவே செடி வளர்க்காத வீடும் இதிலிருந்து தப்பியதல்ல.

பெயரை நம்ப வேண்டாம்

லில்லி என்றதும் பயந்து போய் அந்தப் பெயருள்ள எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்த ஒரு சகோதரியை எனக்குத் தெரியும். பெயர்கள் நம்மைக் குழப்புகின்றன. நம் தேசிய மலரான நீலோற்பலத்தையும் அல்லி என்கிறோம், ஆங்கிலத்தில் அதுவும் லில்லிதான்; ஆனால் மேலே சொன்ன லில்லிக்கும் குளத்தில் பூக்கும் இந்த அல்லிக்கும் உறவே இல்லை. வெள்ளைப் பாளை விரித்தது போலப் பூக்கும் பீஸ் லில்லியும் லில்லி இனமல்ல. அது சேம்பு இனம். கடித்தால் வாய் எரியும், சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகாது. வேலியோரம் வெள்ளையாகச் சிலந்திக் கால் போல இதழ் நீட்டிப் பூக்கும் ஸ்பைடர் லில்லி இன்னொரு குடும்பம். அதன் கிழங்கு வயிற்றுக்கு ஒவ்வாது, சத்தியும் வயிற்றோட்டமும் வரும்.

பனையிலும் இதே குழப்பம். அரேக்கா பாம் என்று விற்கிற, மடகஸ்காரிலிருந்து வந்த, மூங்கில் போலப் புதராய் வளரும் பனை பூனைக்கு முற்றிலும் பாதுகாப்பானது. சேகோ பாம் என்று விற்கிறார்களே, அது பனையே அல்ல, சைக்கஸ். நம் நாட்டிலேயே வளரும் அதன் உறவினனைச் சிங்களத்தில் மடு என்பார்கள். குட்டையான தண்டில் கறுத்த பச்சை ஓலைகள் வட்டமாய் விரிந்து, வாசலுக்கு மிகவும் எடுப்பாக இருக்கும். அதன் ஓலையும் வேரும் நஞ்சு, விதை எல்லாவற்றிலும் கொடியது. ஈரலை அழித்துவிடும். இரண்டும் ஒரே நாற்று மேடையில் அடுத்தடுத்து இருக்கும், இரண்டுக்கும் பாம் என்றே பெயர் சொல்வார்கள். ஓலை நுனியைத் தொட்டுப் பாருங்கள்: அரேக்காவின் ஓலை மென்மையாய் வளையும், சைக்கஸின் ஓலை ஊசி போல் குத்தும்.

பர்ன் என்று நாம் தொங்கவிடும் பன்னம் நல்லது. ஆனால் அஸ்பராகஸ் பர்ன் என்கிற, நூல் போன்ற இலையுள்ள செடி பன்னமே அல்ல. அதன் சிறு பழங்கள் வயிற்றைக் கெடுக்கும், அடிக்கடி உரசினால் தோலும் அரிக்கும்.

சேம்பு வெட்டிய கை அறியும்

எங்கள் வீட்டில் பஞ்சுவுக்குப் பிறகு நடந்த பெரிய வாக்குவாதம் மாமியின் அந்தூரியத்தைப் பற்றியது. பதினாறு சாடிகள். தும்புத் தூளும் செங்கல் துண்டும் போட்டு, தன் பிள்ளைகளைப் போல அவர் வளர்த்தவை. அந்தூரியமும் நஞ்சு என்று நான் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்படியெண்டா ஒண்டு பூனை, இல்லாட்டி பூ" என்றார். நானும் முதலில் சரியாக விளங்காமல்தான் பேசினேன். பிறகு அதை அவருக்கு விளக்க எனக்கு உதவியது குசினிதான்.

சேம்பு, கருணைக்கிழங்கு வெட்டினால் கை அரிக்கும். சரியாக வேகாமல் தின்றால் தொண்டை அரிக்கும். காரணம், அவற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஊசி வடிவான உப்புப் படிகங்கள் இருக்கின்றன. கல்சியம் ஒக்சலேட் என்பார்கள். கடித்தவுடன் அவை வாயிலும் நாக்கிலும் குத்திக் கொள்ளும். அந்தூரியம், மணி பிளாண்ட், அக்லோனீமா, கலாடியம், பிலோடென்ட்ரன், மொன்ஸ்டேரா, பீஸ் லில்லி எல்லாம் அதே சேம்புக் குடும்பத்துப் பிள்ளைகள். பெரிய இலையில் வெள்ளை தெளித்தது போலிருக்கும் டிபன்பேக்கியா இவற்றில் கடுமையானது. கடித்தவரின் நாக்கு வீங்கிப் பேச்சு நின்றுவிடும் என்பதால் ஊமைத் தண்டு என்ற பொருளில் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரே உண்டு. இது பூனைக்கு மட்டுமல்ல, தவழ்கிற குழந்தைக்கும் அப்படித்தான். பிள்ளைக்குப் பல் முளைக்கிற வீட்டில் டிபன்பேக்கியாவைத் தரையில் வைக்கவே வேண்டாம்.

இந்தக் குடும்பத்துச் செடியைப் பூனை கடித்தால் எச்சில் ஒழுகும், வாயை முன்னங்காலால் தேய்க்கும், சத்தி எடுக்கும். ஈரத் துணியால் வாயைத் துடைத்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் வையுங்கள். அனேகமாக ஒரு நாளில் சரியாகும். தொண்டை வீங்கி மூச்சு விடச் சிரமப்பட்டால் மட்டும் உடனே வைத்தியரிடம் போக வேண்டும். வாய் எரிவதால் பெரும்பாலான பூனைகள் ஒரு கடியோடு விட்டுவிடும். கொல்லும் செடி வேறு, நோவு தரும் செடி வேறு என்று மாமியிடம் சொன்னேன். அந்தூரியம் பதினாறும் இப்போது பின் விறாந்தையில், கம்பி வலை அடித்த பக்கத்தில் இருக்கின்றன. மணி பிளாண்டை மட்டும் நான் விடவில்லை. உயரத்தில் வைத்தால் போதும் என்பது அதற்குச் செல்லாது. அதன் கொடி கீழே தொங்கும். தொங்கி ஆடுகிற எதையும் பூனை விளையாட்டுக் கயிறு என்றே எண்ணும். தவிர, யன்னலில் போத்தல் தண்ணீரில் அதை வைத்து டெங்கு நுளம்புக்கு இடம் கொடுப்பதும் நம் வீடுகளில் நடப்பதுதான்.

முற்றாகத் தவிர்க்க வேண்டியவை சில உண்டு. லில்லியும் சைக்கஸும் சொன்னேன். அலரி, மஞ்சள் அலரி இரண்டும் இதயத்தைத் தாக்குபவை. மஞ்சள் அலரி விதை மனிதரையே கொல்லும் என்பதை இலங்கையில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. இப்போது எல்லா நாற்று மேடைகளிலும் அடிபெருத்த தண்டோடு இளஞ்சிவப்பாய்ப் பூத்து நிற்கும் அடீனியம், அதே அலரிக் குடும்பம், அதே நஞ்சு. சிறு சாடியில் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும் கலஞ்சோவும் இதயத்துக்கு ஆகாது. கார்த்திகைப் பூவின் கிழங்கு எல்லா உயிருக்கும் எமன்.

கற்றாழை நம் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. நமக்கு மருந்து, பூனைக்கு வயிற்றோட்டம். மருள் எனும் பாம்பு வரிச் செடி, ட்ரசீனா, தண்ணீரில் வைக்கும் லக்கி பேம்பு ஆகியவையும் சத்தி தருபவை. பயப்படும்படியானவை அல்ல, ஆனால் இலையைக் கடிக்கும் பழக்கமுள்ள பூனைக்கு எட்டாமல் வையுங்கள். சாடியில் வெங்காயத் தாள் வளர்ப்பவர்கள் அதையும் கவனிக்க வேண்டும். வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். மிச்சக் கறிச்சோறு போடும்போதும் இதை நினைத்துக் கொள்ளுங்கள்.

அப்படியானால் எதைத்தான் வளர்ப்பது?

நிறையவே இருக்கின்றன. என் மனதுக்கு முதலில் வருவது ஸ்பைடர் பிளாண்ட். பச்சையில் வெள்ளைக் கோடு போட்ட புல் போன்ற இலை; தாய்ச்செடியிலிருந்து குஞ்சுகள் தொங்கும். ஒரு குஞ்சைக் கிள்ளி நட்டால் இன்னொரு செடி. செலவில்லை. பூனைக்கு இதைக் கடிக்கக் கொள்ளை ஆசை, கடித்தாலும் கெடுதியில்லை. செடி கந்தலாவதுதான் மிச்சம். அதனால் தொங்கவிடுங்கள், பூனைக்காக அல்ல, செடிக்காக.

தொங்கும் கூடையில் பன்னம், மூலைக்கு அரேக்கா பாம், நிழலான அறைக்குக் கலத்தியா, மேசைக்குப் பெப்பரோமியா. கலத்தியாவின் இலைகள் மஃரிப் நேரத்தில் கூப்பி நிமிர்ந்து, காலையில் திரும்பவும் விரிவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நுவரெலியா, பண்டாரவளைப் பக்கக் குளிரில் இருப்பவர்களுக்கு ஆபிரிக்கன் வயலட் நன்றாக வரும். ஓர்கிட் பயமில்லாதது, அந்தூரியத்தை இழந்த மேசைக்கு அதைவிட அழகு வேறென்ன? கற்றாழையின் தோற்றம்தான் வேண்டுமென்றால் ஹவோர்த்தியா என்று சின்னதாய் ஒன்று இருக்கிறது, நஞ்சில்லை. முற்றத்துக்குச் செவ்வரத்தை, ரோஜா, மல்லிகை.

பூனை ஏன் இலையைத் தின்கிறது என்று கேட்கலாம். வயிற்று நோயால்தான் என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். நோயில்லாத பூனையும் புல் தின்னும். அது அதன் இயல்பு. ஆகவே அதற்கென்றே புல் வளர்த்துக் கொடுப்பதுதான் நல்ல வழி. நான் செய்வது இது: ஒரு பிடி நெல்லை இரவில் ஊற வைத்து, சிரட்டையில் மண் போட்டுத் தூவி, மேலே மெல்லிய மண் மூடி, ஈரம் காயாமல் வைக்கிறேன். ஒரு வாரத்தில் விரல் நீளத்துக்குப் பச்சை நாற்று. வயலுக்கு விற்கும், மருந்து பூசிய விதை நெல்லை மட்டும் எடுக்காதீர்கள். இரண்டு மூன்று சிரட்டைகளை நாள் மாற்றி நட்டால் ஒன்று தீர மற்றது தயாராகும். தனக்கென்று புல் இருக்கும் பூனை மற்றச் சாடிகளைத் தேடிப் போவது குறைவு.

குப்பைமேனியின் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை அதில் மயங்கிப் புரளும். அதனால்தான் பூனைவணங்கி என்று அதற்கு இன்னொரு பெயர். பார்க்க வேடிக்கை, ஆனால் உணவாகக் கொடுப்பதற்கல்ல.

சாடி மண்ணைப் பூனை கிளறி அசுத்தம் செய்கிறது என்பது பலரின் முறைப்பாடு. மேலே கூழாங்கற்களைப் பரப்புங்கள், நின்றுவிடும். நத்தைக்குப் போடும் மருந்துக் குளிசை பூனைக்கும் நாய்க்கும் மிகக் கொடிய நஞ்சு. பூனை உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் எதையாவது தின்றுவிட்டால்? வாயிலும் உரோமத்திலும் உள்ளதைத் தண்ணீரால் துடைத்து எடுங்கள். உப்புத் தண்ணீர், தேங்காய் எண்ணெய் ஊற்றிச் சத்தி எடுக்க வைக்கக் கூடாது. அது நுரையீரலுக்குப் போனால் இன்னொரு ஆபத்து. பரசிற்றமோல் கொடுக்கவே கூடாது. நம் ஈரல் அந்த மருந்தை உடைத்து வெளியேற்றுவது போலப் பூனையின் ஈரலால் முடியாது. ஒரே குளிசை அதன் உயிரை எடுத்துவிடும். தின்ற செடியின் ஒரு கிளையை ஒடித்துப் பையில் போட்டுக் கொண்டு, அல்லது கைப்பேசியில் படம் எடுத்துக் கொண்டு போங்கள். லில்லி என்றால் சத்தி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

இப்போது எங்கள் வீட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி வந்திருக்கிறது. அயலவர் வீட்டுக் கூரைக்குள் பிறந்தது. போன மாதம் மாமி சத்திரசிகிச்சை முடிந்து வீடு வந்தபோது, பார்க்க வந்தவர்கள் ஒரு பூக்கொத்து கொடுத்தார்கள். ரோஜாவுக்கு நடுவே மூன்று லில்லி. நான் குசினியில் தேநீர் ஊற்றிக் கொண்டிருந்தேன். அவர்கள் போனதும் மாமியின் குரல் கேட்டது. "மகள், கத்திரிக்கோல எடுத்துக்கொண்டு ஓடி வாங்க, குட்டிய முதல்ல அறைக்குள்ள போட்டு மூடுங்க." மூன்றையும் அவரே கட்டிலில் இருந்தபடி வெட்டிப் பொலித்தீன் பையில் முடிச்சுப் போட்டார். சாடித் தண்ணீரை மாற்றச் சொன்னார். ரோஜாக்கள் ஒரு வாரம் நின்றன.